கதிரை மாற்றம்

உதயகலா அந்தச் சுகாதாரக் கந்தோருக்கு நிர்வாக உத்தியோகத்தராக வந்த முதல் நாளே அலுவலக உதவியாளர் லெனாட் அவளுக்கு ஒரு புத்தி சொன்னார்.

"மிஸ், விறாந்தையிலை நடக்கேக்கை நடுவாலை நடவுங்கோ. இந்தப் பக்கம் ஒட்டி நடந்தால் நிதிக் கிளையின்ரை ஆள் எண்டு நினைப்பினம். அந்தப் பக்கம் ஒட்டினால் கொள்வனவின்ரை ஆள் எண்டு நினைப்பினம். பேந்து ஒருதரும் தேத்தண்ணி தரமாட்டினம்."

உதயகலா சிரித்தாள். லெனாட் சிரிக்கவில்லை.

குடாநாட்டிலுள்ள சின்னச் சின்னச் சிகிச்சை நிலையங்களுக்கும் நுளம்பு ஒழிப்புக் குழுக்களுக்கும் வேண்டிய சாமான்களை வாங்கிக் கொடுப்பதுதான் அந்தக் கந்தோரின் வேலை. கரவெட்டியில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் சரி, தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு தாதிக்கு மேசை வேண்டுமென்றாலும் சரி, கடிதம் இங்கேதான் வரும். வந்த கடிதம் கொள்வனவுக் கிளையில் கோப்பாகும். கோப்பு விறாந்தையைக் கடந்து நிதிக் கிளைக்குப் போகும். நிதிக் கிளை ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பும். கொள்வனவுக் கிளை அந்தக் கேள்விக்கு இன்னொரு கேள்வியையே பதிலாக எழுதும். ஒரு மனிதர் இரண்டு எட்டு வைத்தால் கடந்துவிடக்கூடிய விறாந்தை அது. ஒரு கோப்புக்கு அதைக் கடக்க மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிடும். குழாய் கேட்டவர்கள் அதற்குள் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி, கயிற்றால் கட்டி, தாங்களே சமாளித்துவிடுவார்கள்.

நிதிக் கிளைக்குத் தலைவர் கணக்காளர் பஞ்சலிங்கம். கரவெட்டிக்காரர். தோய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறையத் திருநீறு, பையில் ஒரு சிவப்புப் பேனை. கொள்வனவுக் கிளைக்குத் தலைவி மக்டலீன். குருநகர்க்காரி. சகோதரர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். காற்றுக்கு மேலாகச் சத்தம் போட்டுக் கதைத்துப் பழகிய குடும்பம். இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைத்து ஆறு வருடமாகிவிட்டது. காரணம் ஒரு பிளாஸ்ரிக் கதிரை.

கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்களுக்கு முன்னால் மக்டலீன் எழுதி வைத்துப் பாடமாக்கிய ஒரு விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், பஞ்சலிங்கம் எழும்பி, இருப்புச் சரிபார்க்க இன்றுதான் கடைசி நாள் என்று சொல்லி, புதுக் கதிரைகளில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, கதிரையைக் கவிழ்த்து அடியில் எழுதிய இலக்கத்தைப் பார்த்தாராம். விருந்தினர்களையும் விடவில்லை. கடைசியில் மக்டலீனிடம் வந்து, "கொஞ்சம் எழும்புங்கோ" என்றாராம். அவர் எழும்பினார். கதை எங்கே விட்டதென்று மறந்துபோனது. அன்றையிலிருந்து கதைப்பதையே விட்டுவிட்டார். எல்லாம் எழுத்தில்தான்.

இந்த நிலையில் பணிப்பாளர் டொக்டர் கஜீபன் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய், 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லோடு திரும்பி வந்தார். வயது குறைந்த மனிதர், உற்சாகம் கூடியவர். வந்த கையோடு உதயகலாவைக் கூப்பிட்டார்.

"நிதியும் கொள்வனவும் இனி ஒரே பிரிவு. ஒரே மண்டபம், ஒரே தலைவர். நீங்கள்தான் செய்து முடிக்க வேணும்."

"நானோ டொக்டர்?"

"முடிச்சுத் தந்தால் நீங்கள் கேட்ட இடமாற்றத்தைப் பற்றி யோசிப்பம்."

உதயகலா கேட்டிருந்தது கொக்குவிலிலுள்ள பயிற்சி நிலையத்தை. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அங்கே கோப்பு என்று பார்த்தால் சமையல்காரரின் லீவுக் கடிதம் ஒன்றுதான் இருக்கும். அவள் உடனே ஓம் என்றுவிட்டாள்.

தலைமைப் பதவிக்கு இரண்டு பேரும் போட்டி போட்டு அடிபடுவார்கள் என்றுதான் கந்தோர் முழுக்கப் பேச்சு. உதயகலாவும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் காலை பஞ்சலிங்கம் அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். இதோ ஆரம்பிக்கிறது என்று அவள் நிமிர்ந்து இருந்தாள்.

"பிள்ளை, இது உங்களோடை இருக்கட்டும். உந்தத் தலைமைப் பதவிக்கு மக்டலீன் மிஸ்தான் பொருத்தம். அவவின்ரை திறமை ஆருக்கு வரும்?"

உதயகலாவுக்குத் தன் காதில் ஏதோ கோளாறு என்று பட்டது. பின்னேரம் மக்டலீன் ஒரு பையில் நண்டோடு வந்தார்.

"தம்பி கொண்டுவந்தவன், நல்ல சதை நண்டு. அது கிடக்கட்டும். பஞ்சலிங்கம் சேரைப் போல நேர்மையான மனுசன் இந்தக் குடாநாட்டிலை இல்லை. அவரையே தலைவராப் போட்டு விடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அன்றிரவு நண்டுக் குழம்போடு சோற்றைப் பிசையும்போதுதான் உதயகலாவுக்கு விளங்கியது. ஒவ்வொரு வருடமும் கணக்காய்வுக்காரர் வரும்போது பஞ்சலிங்கம் விறாந்தைக்கு அங்காலே கையைக் காட்டுவார். மக்டலீன் இங்காலே காட்டுவார். வந்தவர்கள் இரண்டு கதவுக்கும் இடையில் நடந்து நடந்து களைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விடுவார்கள். இனிக் கதவு ஒன்று, தலைவர் ஒருவர். யார் பக்கம் கையைக் காட்டுவது? ஆறு வருடக் கோபம் உண்மைதான். ஆனால் அதிலே இரண்டு பேருக்கும் நல்ல வசதியும் இருந்தது. அவள் தனக்குள் சிரித்ததைப் பார்த்து அவள் கணவன், "குழம்பு அவ்வளவு நல்லா இருக்கோ?" என்று கேட்டான்.

விறாந்தையின் இரண்டு பக்கச் சுவர்களையும் உடைத்து எல்லாவற்றையும் ஒரே மண்டபமாக்கினார்கள். வெள்ளிக்கிழமை மேசைகளை எல்லாம் கலந்து போட்டுவிட்டு உதயகலா வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மண்டபத்தின் நடுவே இரும்பு அலுமாரிகள் தோளோடு தோள் சேர்ந்து, பழைய விறாந்தை இருந்த அதே கோட்டில் நின்றன. கோப்பு நுழைய மட்டும் ஓரிடத்தில் சிறு இடைவெளி.

"ஆர் லெனாட் அண்ணை உதை நகர்த்தினது?"

"ரெண்டு பக்கத்தாரும்தான் மிஸ். இவ்வளவு ஒற்றுமையா அவை வேலை செய்து நான் பார்த்ததே இல்லை."

உதயகலா அலுமாரிகளைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கோபம் வரவில்லை, ஒரு குறும்புதான் வந்தது. தன் மேசைக்குப் போய் ஒரு கட்டளை தட்டெழுதினாள். இரு கிளைத் தலைவர்களும் பரீட்சார்த்தமாக ஒருவர் கடமையை மற்றவர் ஆற்ற வேண்டும். மேசை, லாச்சி, பேனை எதையும் எடுத்துச் செல்லக்கூடாது. உடம்பை மட்டும் எடுத்துச் செல்லலாம். கடைசி வரியைப் பிறகு வெட்டிவிட்டாள். டொக்டர் கஜீபனிடம் இதற்குக் 'குறுக்குப் பயிற்சி' என்று பெயர் சொன்னாள்.

"அட, இதைப் பற்றிக் கொழும்பிலையும் சொன்னவை!" என்று அவர் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பஞ்சலிங்கம் கொள்வனவுக் கதிரையில் போய் இருந்தார். லாச்சியை இழுத்தார். உள்ளே கொட்டிக் கிடந்த குண்டூசிகளுக்கு நடுவில் அந்தோனியார் படம். காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் என்று பக்கத்து மேசைப் பிள்ளை பவ்வியமாகச் சொன்னாள். "நிதிக் கிளைக்குப் போன கோப்பு காணாமற்போனால் மிஸ் இவரைத்தான் சேர் கும்பிடுறவ." பஞ்சலிங்கம் லாச்சியை மெல்ல மூடினார். அலுமாரிக்கு அங்காலே மக்டலீன் அவருடைய திருநீற்று டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, சிவப்புப் பேனையை எடுத்து ஒரு கடதாசித் துண்டில் கிறுக்கிப் பார்த்தார். நன்றாக எழுதியது.

பஞ்சலிங்கத்தின் கைக்கு வந்த முதல் கோப்பு தென்மராட்சி நுளம்புக் குழுவுடையது. மாரி மழை தொடங்கி நுளம்பு பெருகிவிட்டது. புகையடிக்கிற மெசினின் எஞ்சினைக் கிளப்புகிற பிளக் எரிந்துபோய், மெசின் மூலையில் கிடக்கிறது. ஒரு பிளக் வேண்டும். கோப்பைத் திறந்தவர் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வியைப் பார்த்தார். 'பழைய பிளக் எங்கே?' அவருடைய கையெழுத்தேதான். போன மாதம் அவரே கேட்டது. இப்போது அவரே பதில் சொல்ல வேண்டும்.

அவர் நீளமாக, மரியாதையாக ஒரு பதில் எழுதினார். இடைவெளியால் கோப்புப் போனது. அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தது.

'பதில் திருப்தியில்லை. பழைய பிளக்கை நேரில் சமர்ப்பிக்கவும்.'

மண்டபம் முழுக்கத் தலைகுனிந்து வேலை செய்தது. தோள்கள்தான் குலுங்கின.

பழைய பிளக்கைத் தேடிப் பஞ்சலிங்கம் மழையில் சாவகச்சேரிக்குப் போனார். குழுவின் சாரதி அதைத் தன் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தான். அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் அடுத்த கேள்வி வந்தது: 'மூன்று கூறுவிலைகள் எங்கே?' இதுவும் அவர் கண்டுபிடித்த கேள்விதான். விலை எழுதி வாங்கக் கடைகளுக்குப் போகும்போது, வான் சும்மாதானே நிற்கிறது என்று சொல்லி உதயகலாவும் கூடப் போனாள். உண்மையில் அவளுக்குப் பார்க்கும் ஆசை.

முதற்கடையில் பிளக் இருந்தது. விலையும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"ஐயா, உந்த மெசின்ரை சாமான் இந்தப் பட்டினத்திலை அந்தக் கடையிலை மட்டும்தான் இருக்கு. வேணுமெண்டால் கொட்டேசன் எழுதித் தாறன். பிளக் கேளாதேங்கோ."

"சாமான் இல்லாமல் எப்பிடி விலை எழுதுவியள்?"

"நாங்கள் என்ன ஆசைக்கே எழுதுறம்? உங்கடை கந்தோரிலைதானே மூண்டு வேணுமெண்டு நிக்கினம். அங்கை ஆரோ ஒரு கணக்காளர் இருக்கிறாராம். பேய் மனுசனாம். கேள்விப்பட்டிருப்பியள்."

உதயகலா வாசலில் தொங்கிய வாளிகளை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள். பஞ்சலிங்கம் முதற்கடையின் விலைச்சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"ஓம்," என்றார் கடைசியில். "கேள்விப்பட்டனான்."

அதே வாரம் மக்டலீன் உதயகலாவின் அறைக்கு வந்தார். கையில் நண்டு இல்லை. முகம் வாடியிருந்தது. முதல் இரண்டு நாளும் கேள்வி எழுதி அனுபவித்தவர்தான். மூன்றாம் நாள் கொடுப்பனவுப் பற்றுச்சீட்டுகள் கட்டாக வந்தன. ஒவ்வொன்றிலும் கையெழுத்து வேண்டும்.

"பிள்ளை, பேனையைப் பிடிச்சால் நெஞ்சு படபடக்குது. நாளைக்கு ஒண்டு பிழைச்சால் என்ரை பேர்தானே அதிலை கிடக்கும்? கையெழுத்துப் போட்டதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ராவிலை நித்திரையும் இல்லை. அந்த மனுசன் இவ்வளவு காலமும் எப்பிடிச் சோறு திண்டது?"

"அவரைக் கேளுங்கோவன் அக்கா."

"சீ, நான் கேட்கமாட்டன்."

இதற்கிடையில் தென்மராட்சியிலிருந்து தொலைபேசி வந்துகொண்டேயிருந்தது. கொடிகாமத்திலிருந்து ஒரு பெண் ஒவ்வொரு நாள் காலையிலும் அழைத்தாள். யார் எடுத்தாலும் அவருக்குத்தான் ஏச்சு. "உங்கடை மெசின் வருமோ, வராதோ? இல்லாட்டிச் சொல்லுங்கோ, நாங்கள் சிரட்டையைக் கொழுத்திப் போட்டு விசிறிக்கொண்டு இருக்கிறம். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கும் காய்ச்சல் துவங்கியிட்டுது." அன்றைக்கு அந்தத் தொலைபேசியை எடுத்தவர் மக்டலீன். கேட்டுவிட்டு மெல்ல வைத்தார்.

அந்த நேரத்தில்தான் பஞ்சலிங்கம் மூன்றாவது கூறுவிலையோடு மண்டபத்துக்குள் வந்தார். குடை எங்கோ மறந்துபோய், வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. கோப்பை இடைவெளியால் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. பழக்கதோசம், மக்டலீனின் கை தன்பாட்டில் எழுதிவிட்டது. 'மூன்றாவது கூறுவிலையில் இறப்பர் முத்திரை தெளிவில்லை.'

பஞ்சலிங்கம் பேனையைத் தேடவில்லை.

"மக்டலீன் மிஸ்!"

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"முத்திரை தெளிவில்லையோ? மழையிலை நனைஞ்சு போச்சு. நானும்தான் நனைஞ்சனான். என்னையும் திருப்பி அனுப்புங்கோவன்!"

அலுமாரிக்கு அங்காலே கதிரை பின்னுக்கு இழுபடும் சத்தம்.

"நீங்கள் என்னை அத்தினை பேருக்கு முன்னாலை எழுப்பேக்கை நான் நனையேல்லையோ? வேர்வையிலை நனைஞ்சனான்!"

"எழும்பாமலே இலக்கத்தைச் சொல்லியிருக்கலாமே!"

"கதிரைக்கு அடியிலை எழுதியிருக்கிறதை இருந்துகொண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்கென்ன பின்னாலையோ கண்?"

யாரோ ஒரு பிள்ளைக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகு வந்த அடுத்த சிரிப்புப் பஞ்சலிங்கத்துடையது. அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. தண்ணிப் பம்பு துவங்குகிற மாதிரி இருந்தது. மக்டலீன் இடைவெளியால் முகத்தை நீட்டினார்.

"என்ன சிரிப்பு?"

"பிழைதான் மிஸ். அண்டைக்கு நான் செய்தது பிழைதான். பிளக் ஒரு கடையிலைதான் இருக்கு. மற்ற ரெண்டு கொட்டேசனும் வெறுங் கடதாசி."

"அதைத்தானே சேர் நான் ஆறு வருசமா எழுதி எழுதி அனுப்பினனான்."

"எழுதினியள். நான் எங்கை வாசிச்சன்? கேள்வியல்லோ எழுதினனான்." அவர் குரல் தணிந்தது. "கேள்வி எழுதேக்கை கை நடுங்காது மிஸ். கையெழுத்துப் போடேக்கைதான் நடுங்கும்."

மக்டலீன் கையிலிருந்த சிவப்புப் பேனையை மூடினார்.

"உங்களுக்குமோ?"

"இருபது வருசமா."

ஒரே கடையில்தான் சாமான் இருந்தால் காரணத்தை எழுதிப் பணிப்பாளரிடம் ஒப்புதல் எடுத்துக்கொண்டு வாங்கலாம் என்று விதியில் ஒரு வழி இருந்தது. அது பஞ்சலிங்கத்துக்கு எப்போதும் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று மக்டலீன் கேட்டார். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லையே என்றார் அவர். இரண்டு பேரும் இடைவெளியின் இரு பக்கமும் நின்றபடியே, அலுமாரித் தட்டொன்றில் கோப்பை வைத்து எழுதினார்கள். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுத, இவர் விட்ட இடத்தை அவர் நிரப்ப, கோப்பு அன்றைக்கே பணிப்பாளரிடம் போய் வந்தது. கடை பூட்டுவதற்கு முன் லெனாட் சைக்கிளில் போய்ப் பிளக்கை வாங்கி வந்தார். அடுத்த நாள் பின்னேரம் கொடிகாமத்துப் பெண் மறுபடி தொலைபேசி எடுத்தாள். புகை வீட்டுக்குள் வந்து தன் பிட்டெல்லாம் மணக்கிறதாம்.

அலுமாரிகள் சுவரோரம் போயின. இரண்டு பேரும் பழைய கதிரைகளுக்குத் திரும்பினாலும் ஒரே நேரத்தில் தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள். அடிக்கடி தலையோடு தலை சேர்த்து ஏதோ கதைத்தார்கள். உதயகலா பக்கத்தில் போனால் கதை நின்றுவிடும். புது நட்பு, கூச்சமாயிருக்கும் என்று அவள் நினைத்தாள். தன் கெட்டித்தனத்தை நினைத்து உள்ளூர ஒரு பூரிப்பு. பஞ்சலிங்கத்தைத் தலைவராகவும் மக்டலீனைத் துணைத் தலைவராகவும் போடும்படி அறிக்கை எழுதி முடித்து, வீட்டில் போய், இனி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரலாம் என்று கணவனிடமும் சொல்லிவிட்டாள்.

அறிக்கையோடு போனபோது டொக்டர் கஜீபன் அவளை முந்திக்கொண்டு எழும்பிக் கைகொடுத்தார்.

"வாழ்த்துக்கள்!"

"எதுக்கு டொக்டர்?"

"பஞ்சலிங்கமும் மக்டலீனும் சேர்ந்து வந்து கதைச்சவை. ரெண்டு பேரும் ஒரே வாய்! இந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்க ரெண்டு பக்கத்தையும் தெரிஞ்ச, நடுநிலையான ஆள் ஒருதர்தான் இருக்கிறா எண்டினம். நேற்றே மேலிடத்துக்கு அனுப்பிட்டன். இண்டைக்குக் காலமை சம்மதம் வந்திட்டுது."

"டொக்டர், கொக்குவில்..."

"கொக்குவில் எங்கை போகப்போகுது? இஞ்சை உங்களை மாதிரி ஆள் வேணும்."

உதயகலா மண்டபத்துக்குள் வந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடு மேசையில் தட்டு நிறைய உழுந்து வடை. பஞ்சலிங்கமும் மக்டலீனும் மேசையின் இரண்டு பக்கத்திலும், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் போல நின்றார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை விழுத்திப்போட்டியள்."

"என்ன பிள்ளை இப்பிடிச் சொல்லுறியள்?" என்றார் பஞ்சலிங்கம். "உங்கடை திறமை ஆருக்கு வரும்?"

"இப்பிடி நேர்மையான பிள்ளை குடாநாட்டிலையே இல்லை," என்றார் மக்டலீன், வடையை நீட்டியபடி.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் வடையை வாங்கிக் கடித்தாள். கோபம் மூக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஆறு வருடம் கதைக்காத இரண்டு பேர் முதன்முதலாகச் சேர்ந்து செய்த அலுவலே தன்னை மாட்டிவிட்டதுதான் என்று நினைத்தபோது, அந்தக் கோபம் நிலைக்கவில்லை. நல்லாய்ச் செய்திருக்கிறார்கள் என்றே தோன்றியது.

அடுத்த மாதம் கணக்காய்வுக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேர், தோளில் பை, முகத்தில் நடந்து களைக்கத் தயாரான ஓர் ஆயத்தம். அவர்களைக் கண்டதும் பஞ்சலிங்கத்துக்குக் கோயிலில் ஓர் அவசரம் நினைவுக்கு வந்தது. மக்டலீனுக்கு, களஞ்சியத்தில் ஏதோ சாமான் வந்திருக்க வேண்டும் என்று பட்டது. இரண்டு பேரும் வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.

உதயகலா எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். தன் கதிரையை இழுத்து வந்து கதவுக்கு முன்னால் போட்டு, அதில் வசதியாக இருந்துகொண்டாள்.

"சேர், அக்கா, ரெண்டு பேரும் வந்து இவைக்குப் பக்கத்திலை இருங்கோ," என்றாள். "கேள்வி முடியுமட்டும் ஒருதரும் வெளியிலை போகேலாது. லெனாட் அண்ணை, ஆறு தேத்தண்ணி போடுங்கோ."